தனித்தனியே ஓடினால் சேர்ந்தும் ஓடுமா?

வடபழனியில் நூறடிச் சாலையும் ஆற்காடு சாலையும் சந்திக்கும் இடத்தைச் சுற்றி, மருந்துக் கடைக்கும் ஜவுளிக் கடைக்கும் மேல்மாடிகளில், எம்பெடட் பயிற்சி தருவதாகப் பலகை மாட்டிய நிலையங்கள் பல ஆண்டுகளாக நடந்து வருகின்றன. பொறியியல் கல்லூரிகளின் இறுதியாண்டு மாணவர்கள் புராஜெக்ட் செய்யவும், பட்டம் பெற்று வேலை தேடுகிறவர்கள் கைத்திறன் பெறவும் அங்கே வருகிறார்கள். சி மொழியும், சாலிடரிங்கும், சென்சாரை வாசிப்பதும், மோட்டாரை ஓட்டுவதும் அங்கே சிரத்தையோடு கற்பிக்கப்படுகின்றன. அந்த உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் எந்தப் பாடத்திட்டத்திலும் எழுதப்படாமல், ஆசிரியர் வாயிலிருந்தும் வராமல், பாடங்களை அடுக்கியிருக்கும் முறையிலிருந்தே மாணவர் மனத்தில் ஊறிவிடுகிற ஒரு சித்தாந்தம் உண்டு. யு.எஸ்.பி. தனியே ஓடிற்று, புளூடூத் தனியே ஓடிற்று, ஆகையால் இரண்டையும் ஒரே மைக்ரோகண்ட்ரோலர் சில்லில் சேர்த்தால் சேர்ந்தும் ஓடும் என்பதே அது. இது பிழை என்பதோடு, நம் ஊரில் செய்யப்படும் கருவிகளின் நம்பகத்தையே அரித்துக்கொண்டிருக்கிற பிழை என்பதும் என் துணிபு.

இந்த நம்பிக்கை மாணவரோடு நின்றுவிட்டால் அதைப் பற்றி இவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை. கருவி செய்யும் சிறு நிறுவனங்களின் கால அட்டவணையிலும் அதுவே குடியிருக்கிறது, யு.எஸ்.பி.க்கு ஒரு வாரம், புளூடூத்துக்கு ஒரு வாரம், இரண்டையும் சேர்க்க ஒரு நாள் என்று போட்டுவிடுகிறார்கள். சில்லின் விவரத்தாளில் இரண்டு பெயர்களும் அடுத்தடுத்த வரிகளில் அச்சாகியிருப்பதைப் பார்க்கிறவருக்கு, ஒரே கூரையின் கீழ் வைத்தவன் இருவருக்கும் சமாதானமும் செய்துவைத்திருப்பான் என்று தோன்றுவது இயல்பே. ஆனால் விவரத்தாள் சொல்வது, அந்த உறுப்பு சில்லில் இருக்கிறது என்பதை மட்டுமே. ராஸ்பெர்ரி பை பிக்கோ டபிள்யூ என்ற போர்டு 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் விற்பனைக்கு வந்தது. அதிலுள்ள ரேடியோச் சில்லுக்குப் புளூடூத் ஆற்றல் அன்றே இருந்தது. ஆயினும் அதைப் பயன்படுத்துவதற்கான முறையான மென்பொருள் ஆதரவு 2023 ஜூனில்தான் வெளிவந்தது. சில்லில் இருப்பதற்கும் கையில் கிடைப்பதற்கும் இடையே, அதை ஆக்கியவர்களுக்கே ஓராண்டு பிடித்தது.

விஷயத்தின் வேரை முதலில் சொல்லிவிடுகிறேன். 1996இல் முதற்பதிப்பு வெளியான யு.எஸ்.பி. என்ற ஏற்பாட்டில், கருவி தானாக வாய் திறக்கக் கூடாது. கம்ப்யூட்டர் கேட்டால் பதில் சொல்ல வேண்டும். கேட்காதபோது மௌனமாக இருக்க வேண்டும். மைக்ரோகண்ட்ரோலர்களில் வழக்கமாக அமையும் 12 மெகாபிட் வேக யு.எஸ்.பி.யில், கம்ப்யூட்டர் மில்லிநொடிக்கு ஒரு தடவை தாளம் தட்டுகிறது. அந்தத் தாளத்துக்குள் அதன் கேள்விகள் வருகின்றன. குறைந்த மின்சாரப் புளூடூத்திலும், தராசு, இதயத் துடிப்பு அளவி, விசைப்பலகை போன்ற கருவிக்குக் காலத்தின்மேல் அதிகாரம் கிடையாது. எதிரே இருக்கும் செல்பேசி, வழக்கமாக 7.5 மில்லிநொடி முதல் 4 நொடி வரையில் ஓர் இடைவெளியை நிர்ணயிக்கிறது. பொதுவாக அந்தக் கணம் வரும்போதெல்லாம் கருவி விழித்துச் செவி கொடுக்க வேண்டும். ஒரு பொட்டலம் முடிந்த 150 மைக்ரோநொடியில், இரண்டு மைக்ரோநொடிக்கு மேல் பிசகாமல், மறுமொழியைத் தொடங்க வேண்டும். ஆக, ஒரே சில்லுக்கு இரண்டு எஜமானர்கள். ஒருவர் கேபிளின் மறுமுனையிலும் மற்றவர் காற்றின் மறுபுறத்திலும் இருக்கிறார்கள். இருவருடைய கடிகாரங்களும் வேறு. ஒருவர் இருப்பது மற்றவருக்குத் தெரியாது. தனித்தனியே ஓட்டிப் பார்த்தபோது அந்தச் சில்லு ஓர் எஜமானரை மட்டுமே அறிந்திருந்தது என்பதை மறந்துவிட்டு, அந்தச் சோதனையின் வெற்றியை இருவருக்கும் பொதுவாக்குவது நியாய சாஸ்திரத்துக்கே பொருந்தாது.

வடபழனிக்காரர்களுக்கு இது புதிய விஷயமாகத் தோன்றக் கூடாது. ஏ.வி.எம்.மும் விஜயா வாகினியும் படம் பிடித்துக்கொண்டிருந்த காலத்தில், காட்சிக்கு ஒரு காமிராவும் ஒலிக்கு வேறொரு யந்திரமும் தனித்தனியே ஓடின. இரண்டும் தத்தம் அளவில் பழுதில்லாமல் ஓடினாலும், நடிகரின் உதடும் குரலும் திரையில் ஒன்றாக விழுவதற்கு, இரண்டையும் ஒரே கதியில் ஓட்டும் மோட்டார்களும், ஒவ்வொரு ஷாட்டின் தொடக்கத்திலும் கிளாப் பலகையும், பின்னர் எடிட்டிங் மேசையில் பொறுமையும் வேண்டியிருந்தன. அந்த ஒத்திசைவு ஒரு தனி வித்தையாகவே மதிக்கப்பட்டது. அதற்கென்று ஆளும் நேரமும் பணமும் ஒதுக்கப்பட்டன. அந்த ஸ்டுடியோக்கள் இருந்த பேட்டையிலேயே இன்று, சேர்ப்பதற்கு வேலையே கிடையாது என்ற பாடம் பரவிக் கிடப்பதை எண்ணும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

எதிர்வாதம் செய்கிறவர்கள் முதலில் வேகத்தைக் காட்டுவார்கள். வேகமான சில்லை வாங்கினால் தீர்ந்தது என்பது அவர்கள் அபிப்பிராயம். ஆனால் இங்கே நேரும் தோல்விகளில் பெரும்பாலானவற்றுக்குக் கணக்கிடும் வேகத்தின் குறை காரணமே அன்று. 150 மைக்ரோநொடிக் கெடுவை வன்பொருளே பார்த்துக்கொள்கிறது, யு.எஸ்.பி.யிலும் பெரும்பாலான நேரங்களில், கருவி தயாராக இல்லையென்றால் 'இப்போது முடியாது, பிறகு கேள்' என்ற மறுப்பை வன்பொருளே அனுப்பிவிடுகிறது. தகராறு எழுவதெல்லாம் இரண்டு ஏற்பாடுகளும் ஒரே பொருளைப் பங்கிட்டுக்கொள்ளும் இடங்களில்தான்: ஒரே கடிகாரக் கிரிஸ்டல், ஒரே மின்னாதாரம், நடக்கும் வேலையை இடைமறிக்கும் இன்டரப்ட்டுகளின் ஒரே வரிசை, ஒரே ஃப்ளாஷ் நினைவகம்.

நார்வே நாட்டின் நார்டிக் செமிகண்டக்டர் நிறுவனத்தின் என்.ஆர்.எஃப்.52840 என்ற சில்லை எடுத்துக்கொள்வோம். 64 மெகாஹெர்ட்ஸ் வேகமும், ஒரு மெகாபைட் ஃப்ளாஷும், 256 கிலோபைட் ராமும் கொண்ட அதில், யு.எஸ்.பி.யும் புளூடூத்தும் பிறவியிலேயே உள்ளன. அதன் யு.எஸ்.பி. ஓட வேண்டுமானால் 32 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். சில்லுக்குள்ளே இருக்கும் ஆர்.சி. ஆசிலேட்டர், யு.எஸ்.பி. விதிக்கும் கால் சதவீத எல்லைக்குள் நில்லாது. யு.எஸ்.பி.யை மட்டும் ஓட்டும் மாதிரி நிரல், கடிகாரத்துக்கான ரெஜிஸ்டரில் நேரே எழுதிக் கிரிஸ்டலை எழுப்பிவிடும். அங்கே அது சரி. ஆனால் புளூடூத்தை ஓட்டும் அந்நிறுவனத்தின் மென்பொருள் அடுக்காகிய (ஸ்டாக்) சாஃப்ட்டிவைஸ் விழித்தவுடன், கடிகாரமும் மின்னாதாரமும் அதன் ஆதிக்கத்துக்குள் போய்விடுகின்றன. அந்த ரெஜிஸ்டர்களை நேரே தொடுகிற நிரல் பிழைக்குள் விழுந்து நின்றுபோகும். சரி, நேரே தொடாமல் விட்டுவிட்டால்? ரேடியோ வேலை வரும்போது ஸ்டாக் கிரிஸ்டலை எழுப்பும். வேலை முடிந்ததும் அணைத்துவிடும். யு.எஸ்.பி.யின் பொருட்டும் கிரிஸ்டல் வேண்டும் என்று ஸ்டாக்கிடம் நாம் தனியே விண்ணப்பிக்காவிட்டால், ரேடியோ விழித்திருக்கும் நேரத்தில் மட்டும் யு.எஸ்.பி.க்குக் கடிகாரம் கிடைக்கும். 'சில சமயம் வேலை செய்கிறது, சில சமயம் செய்யவில்லை' என்று பட்டறைகளில் கேட்கும் முறையீட்டின் பின்னால் இப்படியொரு தெளிவான காரணம் இருக்கக்கூடும். கேபிள் செருகப்பட்டது, பிடுங்கப்பட்டது என்ற தகவலுங்கூட, மின்னாதார ரெஜிஸ்டரிலிருந்து வராமல், ஸ்டாக் தரும் நிகழ்வுகளாகவே வந்து சேரும்; கேட்டு வாங்காதவருக்கு அதுவும் வராது.

இன்டரப்ட் வரிசை இதைவிடக் கடுமையானது. அந்தச் சில்லில் முன்னுரிமைக்கு 0 முதல் 7 வரை எட்டுப் படிகள். எண் சிறியதாக இருந்தால் உரிமை பெரியது. அவற்றில் 0, 1, 4 ஆகிய மூன்றும் ஸ்டாக்குக்கே உரியவை, மற்றவைதாம் நமக்கு. ஸ்டாக்கிடம் நாம் செய்யும் வேண்டுகோள்கள் 4ஆம் படியில் நிறைவேறுகின்றன. யு.எஸ்.பி. அவசரமானது என்று கருதி அதன் இன்டரப்ட்டை 2ஆம் படியிலோ 3ஆம் படியிலோ வைத்துவிட்டு, கேபிளில் வந்த பைட்டுகளை அந்த இன்டரப்ட்டுக்குள்ளிருந்தே புளூடூத்துக்கு அனுப்பச் சொல்லி ஸ்டாக்கை அழைத்தால், மேல்படியில் நிற்கிறவன் கீழ்ப்படியின் சேவையைக் காத்திருந்து பெற முடியாதாகையால், பிராசஸர் அந்தக் கணமே ஹார்ட்ஃபால்ட் என்ற கடும்பிழையில் விழும். எழுதியவரின் புத்தியில் குறையில்லை. வந்த தகவலை உடனே அனுப்ப வேண்டும் என்று நினைத்தார், அவ்வளவுதான். இரண்டு நிமிஷத்தில் சொல்லிக்கொடுத்துவிடக்கூடிய இந்த விதி, சேர்ப்பது ஒரு பாடமே அன்று என்ற எண்ணத்தால், யாராலும் சொல்லப்படாமல் போகிறது. ஒரு மாறியைக் காப்பதற்காக எல்லா இன்டரப்ட்டுகளையும் அடைத்துவைக்கும் பழைய வழக்கமும் இங்கே அபாயகரமானது. ஸ்டாக்கின் சொந்த இன்டரப்ட்டையும் சேர்த்து அடைத்தால், தவறிப்போன அதன் முகூர்த்தத்தை யாராலும் திருப்பித் தர முடியாது.

புளூடூத்துக்கென்று தனி பிராசஸரே கொடுத்துவிட்டால் தகராறு ஒழியாதா என்று கேட்கலாம். எஸ்.டி. மைக்ரோஎலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் எஸ்.டி.எம்.32டபிள்யூ.பி. வரிசையில் அப்படியே கொடுத்துப் பார்த்தது: நம் நிரலுக்கு ஒரு கார்டெக்ஸ் எம்4, ரேடியோவுக்குத் தனியாக ஒரு கார்டெக்ஸ் எம்0 பிளஸ். ஆனால் யு.எஸ்.பி.க்கு வேண்டிய 48 மெகாஹெர்ட்ஸ் கடிகாரமும், ரகசியக் குறியீட்டுக்கு வேண்டிய ரேண்டம் எண்களை உண்டாக்கும் உறுப்புக்கு வேண்டிய கடிகாரமும் ஒன்றே. ரேடியோ பிராசஸர் தனக்கு வேண்டிய எண்களைப் பெற்றுக்கொண்டபின், மின்சாரத்தைச் சேமிக்கும் நல்லெண்ணத்தோடு அந்தக் கடிகாரத்தை நிறுத்திவிடும். அப்படி நிறுத்தாதிருக்க, அதற்கென்றுள்ள செமஃபோர் என்ற பூட்டை யு.எஸ்.பி. ஓட்டும் பக்கம் முன்கூட்டியே பூட்டி வைத்துக்கொள்ள வேண்டும். அதை அறியாதவர், யு.எஸ்.பி. ஏன் திடீரென்று இறந்தது என்று தம் யு.எஸ்.பி. நிரலையே நாட்கணக்கில் தடவிக்கொண்டிருப்பார். பிராசஸர்களைப் பிரித்த பின்னும் பங்காளிச் சொத்து பங்காளிச் சொத்தாகவே இருந்தது.

ஃப்ளாஷ் நினைவகத்தின் கதை எல்லாவற்றிலும் விஷமமானது. இரண்டு கருவிகள் முதன்முதலாக இணை சேரும்போது பரிமாறிக்கொள்ளும் சாவிகளை, மின்சாரம் போனாலும் மறவாமலிருக்க, ஃப்ளாஷில் எழுத வேண்டும். எழுதுவதற்கு முன் ஒரு பக்கத்தை அழிக்க வேண்டியிருக்கலாம், என்.ஆர்.எஃப்.52840இல் 4 கிலோபைட் பக்கமொன்றை அழிப்பதற்கு ஏறக்குறைய 85 மில்லிநொடி வரை ஆகலாம். நிரலும் அதே ஃப்ளாஷிலிருந்து ஓடுகிறபடியால் அவ்வளவு நேரமும் பிராசஸர் நின்றுபோகும். பிக்கோ டபிள்யூவிலோ, நிரலும் சாவிகளும் சில்லுக்கு வெளியே உள்ள ஒரே ஃப்ளாஷில் இருப்பதால், எழுதும்போது இன்டரப்ட்டுகளை அடைத்து, மற்றொரு பிராசஸரையும் நிறுத்திவைக்க வேண்டியிருக்கிறது. யு.எஸ்.பி. விதிப்படி, தகவல் பரிமாற்றம் இல்லாத சாதாரணக் கட்டளை ஒன்றைக் கருவி 50 மில்லிநொடிக்குள் முடித்தாக வேண்டும். கம்ப்யூட்டர் தன் கட்டளையை அனுப்புவதும், செல்பேசி இணை சேர்வதும் ஒரே கணத்தில் நேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பயிற்சி நிலையத்து மேசையில் போர்டு எப்போதோ இணை சேர்ந்துவிட்டது. சாவி பத்திரமாக இருக்கிறது. ஆகவே அங்கே இந்தக் குற்றம் ஒருநாளும் தென்படாது. வாங்கியவர் வீட்டில், பெட்டியைப் பிரித்த முதல் ஐந்து நிமிஷத்தில் தென்படக்கூடும்.

வேக வித்தியாசத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 12 மெகாபிட் யு.எஸ்.பி.யில் மில்லிநொடிக்கு 64 பைட் பொட்டலங்கள் 19 வரை வரலாம். அதாவது நொடிக்குப் பன்னிரண்டு லட்சம் பைட்டுக்கு மேல். புளூடூத்தின் அடிப்படை ஒரு மெகாபிட் வேகத்திலோ, தலைப்பும் இடைவெளியும் போகாமல் முழுதாகக் கணக்கிட்டாலும் நொடிக்கு 1,25,000 பைட்டைத் தாண்ட வழியில்லை. இரு தரப்பும் பேசிப் பெரிய பொட்டலத்துக்கு உடன்படாத வரையில், ஒரு செய்திக்கு 20 பைட்தான். பெரிய பஃபர் வைத்தால் தாங்கும் என்பது சாதாரணமாகச் சொல்லப்படும் பரிகாரம். 256 கிலோபைட் ராம் முழுவதையும் பஃபராகவே கொடுத்தாலும் அந்த வெள்ளத்தில் கால் நொடிக்குள் நிரம்பிவிடும். புளூடூத் பக்கம் இடம் காலியாகும் வரையில் யு.எஸ்.பி. பக்கத்தில் புதிய பொட்டலத்தை ஏற்காமலிருப்பதே சரியான வழி. அந்த மறுப்பைக் கம்ப்யூட்டர் குற்றமாகக் கொள்வதில்லை, காத்திருந்து மீண்டும் கேட்கும். இரண்டு ஏற்பாடுகளிலும் தனித்தனியே நிதானம் உண்டு. ஒன்றின் நிதானத்தை மற்றொன்றின் கையில் கட்டிக்கொடுப்பது மாதிரி நிரல் எதிலும் எழுதப்பட்டிராத வேலை.

மேசையில் நடக்கும் சோதனையே ஒரு பிரமையை வளர்க்கிறது. அதற்கு மிக எளிய சாட்சியம், கம்ப்யூட்டர் சீரியல் போர்ட்டைத் திறக்கும் வரையில் காத்திரு என்று நிரலின் தொடக்கத்தில் எழுதும் ஒரு வரி; ஆர்டுயினோ பழகிய கைகளெல்லாம் அதை எழுதியிருக்கும். மேசையில் கம்ப்யூட்டர் எப்போதும் இருக்கிறது. காத்திருப்பு உடனே முடிந்துவிடுகிறது. அதே கருவியைச் சுவரிலுள்ள சார்ஜரில் செருகினால், மின்சாரம் வரும், கம்ப்யூட்டர் வராது. காத்திருப்பு முடிவதே இல்லை. அதற்குக் கீழே எழுதப்பட்ட புளூடூத் தொடங்குவதும் இல்லை. மடிக்கணினி உறங்கும்போது வேறொரு சங்கடம். மூன்று மில்லிநொடி தாளம் நின்றால் கருவி ஒடுங்க வேண்டும் என்றும், ஒடுங்கிய நிலையில் கேபிளிலிருந்து எடுக்கும் மின்சாரம் 2.5 மில்லிஆம்பியருக்குள் இருக்க வேண்டும் என்றும் யு.எஸ்.பி. விதிக்கிறது, செல்பேசியோடுள்ள தொடர்பை விடாதே என்று புளூடூத் விதிக்கிறது. அப்போது யாருக்குக் கீழ்ப்படிவது, இடைவெளியை நீட்டச் சொல்லிச் செல்பேசியிடம் கேட்பதா, பாட்டரிக்கு மாறுவதா என்பதை எந்த லைப்ரரியும் தீர்மானிக்க முடியாது. அது அந்தக் கருவி எதற்காக இருக்கிறது என்பதை அறிந்தவர் செய்ய வேண்டிய முடிவு.

இவை போதாவென்று, பக்கத்தில் யு.எஸ்.பி. 3.0 ஹார்ட் டிஸ்க் ஓடிக்கொண்டிருந்தால் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவில் இரைச்சல் ஏறும் என்பதை இன்டெல் நிறுவனமே 2012இல் ஓர் ஆய்வறிக்கையாக வெளியிட்டிருக்கிறது. நம் கருவியின் யு.எஸ்.பி. அந்த ரகமன்று என்றாலும், அது செருகப்படும் கம்ப்யூட்டரில் அந்த ரகம் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

இவ்வளவையும் கேட்டபின், உலகத்தில் கோடிக்கணக்கான விசைப்பலகைகளும் கேம் கருவிகளும் இரண்டையும் சேர்த்து ஓட்டவில்லையா என்று கேட்பார்கள். ஓட்டுகின்றன. செஃபைர் என்ற திறந்த மூல இயங்குதளத்தில், சில்லையே கம்ப்யூட்டரின் யு.எஸ்.பி. புளூடூத் டாங்கிளாக மாற்றிவிடும் மாதிரி நிரல்கூட இருக்கிறது; கடிகாரத்தை யார் யார் கேட்டிருக்கிறார்கள் என்று கணக்கு வைத்து, கடைசி ஆள் விடும்வரை அணைக்காதிருக்கும் ஏற்பாடும் அதில் உண்டு. சேர்த்தல் சாத்தியமில்லை என்று நான் ஒருபோதும் வாதிக்கவில்லை. அந்த ஏற்பாட்டை யாரோ உட்கார்ந்து யோசித்து எழுதினார்கள். அவர்கள் யோசித்த இடம், இரண்டு மாதிரி நிரல்களும் ஒன்றோடொன்று மோதும் அந்தப் பொருத்துவாய். ஓடுகிற கருவி ஒவ்வொன்றும் அந்த உழைப்புக்குச் சாட்சியாக இருக்க, அதையே உழைப்பு தேவையில்லை என்பதற்குச் சாட்சியாகக் கூட்டிவருவது பெரும் அநியாயம்.

இது பொறியாளர்களின் உள்வீட்டுச் சண்டையாக மட்டும் இருந்தால் நான் இவ்வளவு கடுமையாக எழுதியிருக்க மாட்டேன். தமிழ்நாட்டின் நியாயவிலைக் கடைகளில் மின்னணுத் தராசையும் விற்பனைக் கருவியையும் புளூடூத்தால் இணைக்கும் ஏற்பாடு வந்தபோது, பில் போடத் தாமதமாகிறதென்று கடை ஊழியர்கள் முறையிட்டார்கள். தாமதத்துக்குக் காரணங்கள் பல இருக்கும். எந்தக் காரணமானாலும், அதன் பாரம் வரிசையில் நிற்கும் கிழவியின் கால்களில் இறங்குகிறது, கவுன்ட்டரில் இருப்பவர் காதில் வசவாக விழுகிறது. மருந்துக் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் காற்றிலும் கேபிளிலும் ஒருங்கே பேசும் கருவிகள் பெருகிவரும் இக்காலத்தில், 'ஒரு தடவை அணைத்துப் போடுங்கள், சரியாகிவிடும்' என்ற ஆலோசனையோடு அவற்றை ஜனங்கள் கையில் கொடுப்பது பொறுப்புள்ள செயலாகாது.

ஆகவே வடபழனியின் பயிற்சி நிலையங்களிடம் ஒரு வேண்டுகோள். புராஜெக்ட் முடிந்தது என்று கையெழுத்துப் போடும் முன், யு.எஸ்.பி. தனியே ஓடுவதையும் புளூடூத் தனியே ஓடுவதையும் பார்த்ததோடு விட்டுவிடாதீர்கள். கேபிளில் ஒரு பெரிய கோப்பு போய்க்கொண்டிருக்கும்போது, பழைய சாவிகளையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாக ஒரு செல்பேசியை இணை சேர்க்கச் சொல்லுங்கள். போர்டைக் கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கிச் சுவர்ச் சார்ஜரில் செருகி, புளூடூத் விழிக்கிறதா என்று பாருங்கள். மடிக்கணினியை மூடி உறங்கவிட்டுச் செல்பேசித் தொடர்பு நிலைக்கிறதா என்றும், திறந்தபின் யு.எஸ்.பி. உயிர்பெறுகிறதா என்றும் பாருங்கள். செல்பேசியை வகுப்பறைக்கு வெளியே கொண்டுபோய்த் தொடர்பு அறுந்தபின் திரும்பி வரச் சொல்லுங்கள். அப்போது கேபிள் வழியாக வந்து காத்திருந்த பைட்டுகள் எங்கே போயின என்று மாணவரைக் கேளுங்கள். கிரிஸ்டலை யார் எழுப்பினார், யார் அணைப்பார், எந்த இன்டரப்ட் எந்தப் படியில் நிற்கிறது, அங்கிருந்து எதை அழைக்கலாம், எதை அழைக்கக் கூடாது என்று ஒரே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். இதற்குப் புதிய கருவி ஒன்றும் வேண்டாம். இப்போதிருக்கும் அதே போர்டும் கேபிளும் செல்பேசியும், பாடத்திட்டத்தில் கூடுதலாக ஒரு வாரமும் போதும்.